நரி இல்லாத ஊர்

தார்ரோடு முடிந்து, பஸ் மூக்கைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போகிற ஊர் ஒன்று. அந்த ஊருக்கும் அப்பால் ஒரு பாறை. பாறையடியில் ஒரு ஓலைக்கூரை, ஒரு கிணறு. மேற்கே சற்றுத் தள்ளி, நாலைந்து ஆடு நிற்கிற பட்டி. அவ்வளவுதான் இடம். ஆனாலும் அதை மடம் என்றுதான் சொல்வார்கள்.

அங்கே உலகம்மை என்று ஒரு அம்மா இருந்தார். பெரிய வயசு ஒன்றும் கிடையாது. காதோரம் நரை இப்போதுதான் எட்டிப்பார்க்கத் தொடங்கியிருந்தது.

அவரிடம் சீடராக வந்து சேர்ந்தவருக்கோ, தலையில் கறுப்பு முடியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பெயர் மந்திரமூர்த்தி. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி செவந்தி போன பிறகு வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாமல், ஒரு மழைக்காலத்தில் கிளம்பி வந்துவிட்டார். கையில் ஒரு தோல்பை. சட்டைப்பையில் பழைய விசில். பின்னாலேயே ராசாத்தி.

ராசாத்தி என்பது செவந்தி வளர்த்த வெள்ளாடு.

பக்கத்துக் காட்டில் ஆடு மேய்க்கிற மாடத்திக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஆட்டையும் ஓட்டிக்கிட்டுச் சந்நியாசம் வாங்க வந்த ஆளை இப்பத்தான் பார்க்கேன்" என்றாள்.

"விட்டுட்டு வர மனசு வரலை" என்றார் இவர்.

"இருக்கட்டும், ஐயா" என்றார் உலகம்மை. "பட்டியில் இடம் இருக்கு."

அப்படித்தான் அவர் அங்கே தங்கினார். தண்ணீர் இறைப்பார். கஞ்சி காய்ச்சுவார். பொழுது சாய்ந்ததும் ஆடுகளைப் பட்டிக்குள் விட்டு, படலைச் சாத்திக் கட்டுவார். கேட்பதற்கு அவரிடம் கேள்விகள் நிறைய இருந்தன. அம்மாவிடம் பதில்கள் குறைச்சலாகத்தான் இருந்தன.

விடிகிற வேளையிலும் அந்தி சாய்கிற வேளையிலும் உலகம்மை பாறைமேல் ஏறி உட்கார்ந்துவிடுவார். பக்கத்தில் ஒரு கம்பு. அசைய மாட்டார். அந்த நேரத்தில் மந்திரமூர்த்தி இருமல் வந்தால்கூடத் துண்டால் வாயைப் பொத்திக்கொள்வார். தியானம் கலைந்துவிடக்கூடாது பாருங்கள்.

ஒரு நாள் கேட்டேவிட்டார்.

"எல்லாரும் கிழக்கே பார்த்து உட்காருவாங்க. நீங்க மேற்கே பார்த்து உட்காருறீங்களே, அம்மா?"

"எனக்கு இந்தப் பக்கம்தான் வேலை."

மந்திரமூர்த்திக்கு உடம்பு சிலிர்த்தது. அதை ஒரு வாரம் மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தார்.

மழை போய், பனி போய், வெயில் வந்தது. ராசாத்தி இரண்டு குட்டி போட்டது. ஒன்று முழுக் கறுப்பு. இன்னொன்று கறுப்புதான், நெற்றியில் மட்டும் திருநீறு பூசினதுபோல வெள்ளை. மந்திரமூர்த்தி அவற்றுக்குப் பெயர் வைக்கவில்லை. அவர் வீட்டில் ஆட்டுக்குப் பெயர் வைக்கிறது செவந்தியின் வேலை. இரண்டையும் மடியில் போட்டுக்கொண்டு, "உங்க பாட்டி இருந்திருந்தா" என்று ஆரம்பிப்பார். அதற்கு மேல் சொல்ல மாட்டார்.

அந்த வெயிலில் உலகம்மைக்குக் காய்ச்சல் வந்தது. நல்ல காய்ச்சல். மந்திரமூர்த்தி கஞ்சித் தண்ணியை ஆற்றிக் கொடுத்தார், நெற்றியில் ஈரத்துணி மாற்றி மாற்றிப் போட்டார். கிழக்கு வெளுக்கிற நேரத்தில் அசந்து கண்ணை மூடியவரை ராசாத்தியின் கத்தல் எழுப்பியது.

ஓடினார். படலோரம் முள் விலகி ஒரு சந்து. ராசாத்தி அந்தச் சந்தைப் பார்த்து நின்று கத்துகிறது. அதன் காலுக்கடியில் திருநீற்றுக் குட்டி ஒண்டிக்கொண்டு நடுங்குகிறது. கறுப்புக் குட்டியைக் காணோம். மணலில் கால்தடம் காட்டுப்பக்கம் போயிருந்தது.

"நரி" என்றாள் மாடத்தி, வந்து குனிந்து பார்த்துவிட்டு. "ருசி கண்டுட்டுது, கண்டக்டரே. மத்ததுக்கும் வரும்."

சொன்னது போலவே வந்தது. மறுநாள் அந்தியில், ஆடுகளை உள்ளே விடுகிற நேரத்தில், புதர் மறைவிலிருந்து ஒரு தலை நீண்டது. மந்திரமூர்த்திக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்து ஓங்கி ஒரு ஊது ஊதினார்.

நரி நின்றது. ஓடவில்லை. நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தது.

மாடத்தி தன் ஆடுகளை விட்டுவிட்டு, கம்பைச் சுழற்றிக்கொண்டு ஓடிவந்து அதை விரட்டினாள். விரட்டிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஒத்தை விசில் அடிச்சா நிக்கத்தானே செய்யும்? ரெட்டை விசில் அடிச்சு ரைட் கொடுங்க, கண்டக்டரே!"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. செவந்தி விட்டுப்போனது ராசாத்தி ஒன்றுதான். ராசாத்திக்கு மிஞ்சியது இந்தக் குட்டி ஒன்றுதான். அன்றைக்கே ஊருக்குள் போய், உரக்கடையில் குருணை மருந்து வாங்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். கறியில் கலந்து வைத்தால் நரி அதோடு சரி.

ஆனாலும் கேட்காமல் செய்ய மனசு வரவில்லை. உலகம்மை காய்ச்சல் விட்டு எழுந்து உட்கார்ந்திருந்தார். முகம் வாடியிருந்தது. இவர் எதிரில் போய் நின்றார்.

"அம்மா, நரிகிட்டேயிருந்து ஆட்டைக் காப்பாத்த ஒரு வழி சொல்லுங்க. இல்லாட்டி இந்த மருந்தை வைக்க உத்தரவு கொடுங்க."

உலகம்மை பொட்டலத்தைப் பார்த்தார்.

"வீட்டில் இருந்தப்போ எப்படிக் காப்பாத்தினீங்க, ஐயா?"

"எங்க ஊரில் நரியே கிடையாதம்மா."

"கிடையாதா?"

"கிடையாது. கல்யாணமான புதுசுலேருந்து ஆடு வளர்த்தா செவந்தி. ஒரு குட்டிகூடப் போனதில்லை. நான் நைட் ஹால்ட் டூட்டி. கடைசி பஸ்ஸோடு போய், அந்த ஊரிலேயே பஸ்ஸுக்குள் படுத்து, முதல் பஸ்ஸை எடுத்துக்கிட்டு வருவோம். வீடு வந்து சேர மத்தியானம் ஆகும். வந்து பார்த்தால் ஆடு எல்லாம் அப்படியே நிற்கும். நரி இருந்தால் நிற்குமா?"

உலகம்மை அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"நல்ல ஊரா இருக்கே" என்றார். "அங்கே நரி எப்படி இல்லாமப் போச்சுன்னு கேட்டுட்டு வாங்க. அதையே நாமும் இங்கே செய்துட்டாப் போச்சு."

"இந்த மருந்து?"

"உங்க மடியிலேயே இருக்கட்டும். வந்து வைங்க."

"அதுவரைக்கும் குட்டி?"

"என் மடியில் இருக்கும்."

மறுநாள் மந்திரமூர்த்தி பஸ் ஏறினார்.

அவருடைய ஊரில், பக்கத்து வீட்டு ஆவுடை வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். செவந்திக்கு உயிர்த் தோழி. இவரைக் கண்டதும் சேலையை இழுத்துச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"வாங்க, அண்ணாச்சி! சாமியாராகப் போனவுகளை இங்கே திருப்பி அனுப்பிட்டாகளா?"

"ஒரு கேள்வி கேட்க வந்தேன், ஆவுடை. நம்ம ஊரில் நரி எப்படி இல்லாமப் போச்சு?"

ஆவுடை அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவர் முகம் மாறாமல் நிற்பதைப் பார்த்ததும்தான் சிரிப்பு நின்றது.

"நிசமாத்தான் கேட்கியளா?"

"நிசமாத்தான்."

"அண்ணாச்சி, போன வாரம் கீழத்தெருவில் ரெண்டு கோழியும் ஒரு கிடாக்குட்டியும் போயிருக்கு. நரி இல்லாத ஊரா இது?"

"எங்க வீட்டில் ஒண்ணும் போனதில்லையே?"

"போகலைதான்."

கீரையை அப்படியே போட்டுவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். மந்திரமூர்த்தியின் வீடு பூட்டிக் கிடந்தது. இருவரும் சுற்றிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார்கள். பட்டி வெறுமையாக இருந்தது. சுற்றிலும் அடுக்கிய முள் காய்ந்து சாம்பல் நிறத்தில் இருந்தாலும், ஒவ்வொரு முள்கொப்பும் வெளியே பார்த்து, தலைவாரி விட்டதுபோல வரிசையாக இருந்தது. படலுக்குப் பக்கத்தில் ஒரு கயிற்றுக்கட்டில். கட்டில் காலில் ஒரு மெல்லிய கயிறு சுற்றியிருந்தது.

"இந்தக் கட்டில் இங்கே ஏன் கிடக்கு?"

"மதினி படுக்கிற இடம் அதுதானே."

"வீட்டுக்குள்ளேதானே படுப்பா?"

"நீங்க டூட்டிக்குப் போற அன்னிக்கு எல்லாம் இங்கேதான். படலுக்குக் குறுக்கே கட்டிலைப் போட்டுக்கிடுவாக. குட்டிகள் மேலே கூடையைக் கவிழ்த்து, அதுக்கு மேலே அம்மிக்கல்லு. அப்புறம் இந்தக் கயிறு. ஒரு நுனி மூத்த ஆட்டுக் காலில், ஒரு நுனி தன் கையில். நரி வாடை பட்டதுமே ஆடு மிரளுமில்லே, கயிறு இழுக்கும். உடனே எந்திரிச்சு நிப்பாக. விடிய விடிய எத்தனை தரம் எந்திரிப்பாகளோ, அவுகளுக்குத்தான் தெரியும்."

மந்திரமூர்த்தி கட்டிலைப் பிடித்துக்கொண்டு அதிலேயே உட்கார்ந்தார்.

செவந்தியின் மணிக்கட்டில் ஒரு கறுத்த தடம் உண்டு. ஒருமுறை அவர் அதைக் கேட்டிருக்கிறார். "வளையல் தடம்" என்று சொல்லிவிட்டுச் சோறு போட்டாள் அவள். சோறு போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தால் கண் சொருகிவிடும் அவளுக்கு. "ராத்திரியெல்லாம் கொசுக்கடியில் கிடந்துட்டு வர்ற நான் முழிச்சிருக்கேன். வீட்டில் சொகமாத் தூங்கி எந்திரிச்ச உனக்குப் பட்டப்பகலில் தூக்கமா, மகராணி?" என்று கேலி செய்வார் இவர். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

"என்கிட்டே சொல்லியிருக்கலாமே" என்றார்.

"நானும் அதைத்தான் சொன்னேன். 'பாவம், பஸ்ஸுக்குள்ளே காலை நீட்டக்கூட இடமில்லாமப் படுக்காக. இங்கே நரி வருதுன்னு சொன்னா அந்தத் தூக்கமும் போயிரும். எதுக்கு?'ன்னுட்டாக."

மந்திரமூர்த்தி எழுந்தார். கட்டில் காலிலிருந்து கயிற்றை அவிழ்த்தார். அதன் ஒரு நுனி வழுவழுவென்று தேய்ந்திருந்தது. அதைச் சுருட்டிச் சட்டைப்பையில், விசிலோடு வைத்துக்கொண்டார்.

"வாரேன், ஆவுடை."

"ஒரு வாய்க் காபி?"

"இன்னொரு நாள் வாரேன். நீயாவது அவகூட இருந்தியே. நல்லா இரு, தாயி."

திரும்புகிற பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இடம் கிடைத்தது. வளைவுகள் நிறைந்த ரோடு. டிரைவர் ஒருமுறை ஹாரன் அடித்தார், ஒருமுறை பிரேக்கை மெதுவாக மிதித்தார், ஒரு கன்றுக்குட்டிக்கு ஒதுங்கினார். பஸ்ஸில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தானும் இப்படி எத்தனை டிரைவர்களோடு எத்தனை ஆயிரம் டிரிப் போயிருப்போம் என்று நினைத்துக்கொண்டார் மந்திரமூர்த்தி. டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். சண்டையும் போட்டிருக்கிறார்.

ரோடு முடிகிற ஊரில் இறங்கியதும் முன்பக்கமாகச் சுற்றிப்போய், டிரைவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"பத்திரமாக் கொண்டாந்து சேர்த்துட்டீங்க, தம்பி."

டிரைவர் திருதிருவென்று விழித்தார். "ஏன் பெரியவரே, எங்கேயாச்சும் இடிச்சிட்டேனா?"

"இல்லை, தம்பி. அதுக்குத்தான்."

உரக்கடைக்குப் போய்ப் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தார். பிறகுதான் மடத்துக்கு நடந்தார்.

உலகம்மை பாறையடியில் உட்கார்ந்திருந்தார். திருநீற்றுக் குட்டி அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. ராசாத்தி பக்கத்தில் நின்று அசைபோட்டது.

"கேட்டீங்களா, ஐயா?"

"கேட்டேன்."

"எப்படி இல்லாமப் போச்சாம்?"

மந்திரமூர்த்தி சட்டைப்பையிலிருந்து கயிற்றை எடுத்து நீட்டினார்.

உலகம்மை அதை வாங்கினார். தேய்ந்த நுனியை விரலால் ஒருமுறை தடவினார். கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.

"மருந்து?"

"கடைக்காரர்கிட்டேயே கொடுத்துட்டேன்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அம்மா, அவகிட்டே ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை நான். மகராணின்னு கேலி பண்ணிக்கிட்டுத் திரிஞ்சேன். இப்போ நெஞ்சு முழுக்க அவளுக்குச் சொல்ல வேண்டியதா நிறைஞ்சு நிக்குது. எங்கே போய்ச் சொல்லுவேன்?"

"பொழுது இறங்குது, ஐயா. முதல்ல கயிற்றைக் கட்டுங்க."

மாடத்தியும் வந்து கை கொடுத்தாள். இவர் முன்பு அடுக்கியிருந்த முள்ளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "முனையெல்லாம் உள்ளே பார்த்துல்லா கிடக்கு! இது நரிக்கு வேலியா, ஆட்டுக்கு வேலியா?"

"நான் நடக்கிற பக்கம் குத்தக்கூடாதுன்னு அப்படி வச்சேன்."

"நல்லா வச்சீங்க போங்க. நரி உங்களைக் கும்பிட்டுட்டுல்லா உள்ளே போயிருக்கும்."

இந்தத் தடவை மந்திரமூர்த்திக்குச் சிரிப்பு வந்தது. எல்லா முள்ளையும் எடுத்து, முனை வெளியே பார்க்கும்படி அடுக்கினார். கை கீறி ரத்தம் வந்தது. குட்டியின்மேல் கூடையைக் கவிழ்த்து, அதற்கு மேலே கல் வைத்தார். கூரையடியில் தான் படுக்கிற கட்டிலைத் தூக்கிவந்து படலுக்குக் குறுக்கே போட்டார். ராசாத்தியின் காலில் கயிற்றைக் கட்டும்போது அது கொஞ்சமும் துள்ளவில்லை. பழகின காலை நீட்டிக்கொடுத்தது. தேய்ந்த நுனியைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார்.

விடிகிற நேரத்தில் கயிறு இழுத்தது.

எழுந்து நின்றார். கிழக்கில் வெளிச்சம் இன்னும் முழுசாக வரவில்லை. முள்ளுக்கு அந்தப் பக்கம் நரி நின்றது. பெட்டை நரி. வயிறு ஒட்டிப்போய், பால்காம்புகள் தொங்கிக்கொண்டிருந்தன. அது இவரைப் பார்த்தது. இவர் அதைப் பார்த்தார். எங்கேயோ ஒரு புதருக்குள் அதற்கும் கண் விழிக்காத குட்டிகள் இருக்கும்.

மந்திரமூர்த்தி விசிலை எடுத்து உதட்டில் வைத்தார். இரண்டு முறை ஊதினார்.

நரி திரும்பியது. நின்று நிதானித்து, வயல் எலிகள் ஓடுகிற வரப்புப் பக்கமாக நடந்து மறைந்தது.

"போயிட்டு வா" என்றார். பிறகு அவசரமாக, "வர வேண்டாம், போ" என்று திருத்திக்கொண்டார்.

கூடையைத் தூக்கிப் பார்த்தார். திருநீற்றுக் குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. ஒன்றுமே நடக்கவில்லை அதற்கு. வெளிச்சம் வந்ததும் எழுந்து ஒரு துள்ளுத் துள்ளி, ராசாத்தியின் மடியை முட்டிப் பால் குடித்தது. அது வயிறு நிறையக் குடிக்கிறவரை காத்திருந்துவிட்டு, மிஞ்சிய பாலைக் கறந்து காய்ச்சி, ஒரு தம்ளரில் எடுத்துக்கொண்டு பாறைக்குப் போனார்.

உலகம்மை மேலே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அந்தக் கம்பு. மந்திரமூர்த்தி இதுவரை அந்தப் பாறையில் ஏறியதில்லை. குரு உட்காருகிற இடம் அல்லவா. அன்றைக்குப் பாலைக் கொடுப்பதற்காக ஏறினார்.

"தூங்கினீங்களா, ஐயா?"

"இல்லை, அம்மா. இத்தனை நல்லா நான் முழிச்சிருந்ததே இல்லை."

உலகம்மை தம்ளரை வாங்கிக்கொண்டார். மந்திரமூர்த்தி தன் மணிக்கட்டைப் பார்த்தார். கயிறு அழுத்திச் சிவந்த தடம் இருந்தது. அதை அழிக்க மனசில்லாதவர்போல மெதுவாகத் தொட்டார். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

"அம்மா, நான் மழையில் வந்தவன். பனி போய், வெயிலும் வந்தாச்சு. முள்ளைத் தப்பாத்தான் அடுக்கினேன். படலை ஏனோதானோன்னு கட்டினேன். ராத்திரி நிம்மதியாத் தூங்கினேன். இத்தனை நாளும் இந்தப் பட்டியில் ஒரு குட்டிகூடப் போகலையே. அன்னைக்கு மட்டும் நரி எப்படி வந்தது?"

உலகம்மை பாலைக் குடித்து முடித்தார். தம்ளரைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு எனக்குக் காய்ச்சல், ஐயா."

மந்திரமூர்த்தி திரும்பி, அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து மேற்கே பார்த்தார். படல், முள்வேலி, கூடை, ராசாத்தி, குட்டி, ஒன்றுவிடாமல் தெரிந்தது.

காலித் தம்ளரை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய், மறுபடியும் பாலை நிறைத்துக் கொண்டுவந்து அவர் எதிரில் வைத்தார்.